துப்பாக்கிச் சத்தமும் எலக்ட்ரானிக் இயர்மஃபும்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

துப்பாக்கி சுடும்போது காதை மூடிக்கொள்ளும் எலக்ட்ரானிக் இயர்மஃப் வாங்கப் போகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, "வேட்டுச் சத்தத்தை எத்தனை மில்லிசெகண்டில் கட் பண்ணும்?" என்பதைத்தான். பெட்டி மேலேயும் அதையே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் காதைக் காப்பாற்றுவது அந்த சர்க்யூட் இல்லை. காதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் இருக்கும் நுரை, தலையோடு ஒட்டி உட்காரும் மெத்தை, இந்த மூன்றும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டினாலும் வேட்டுச் சத்தத்தை அது அதே அளவுக்குத் தடுக்கும்.

அப்படியென்றால் எலக்ட்ரானிக்ஸ் எதற்கு? நீங்கள் அதைக் கழற்றாமல் இருப்பதற்கு. சாதாரண இயர்மஃப் போட்டால் பயிற்சியாளர் சொல்வது கேட்காது, சுடுதளத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் "நிறுத்து" என்று கத்துவது கேட்காது, அதனால் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காது கொடுப்போம், அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேனில் ஒருவர் சுடுவார். காது கெடுவதற்கு இந்தச் சில நொடிகளே போதும். மானுக்காகக் காத்திருப்பவருக்கோ சருகுச் சத்தம் கேட்டே ஆகவேண்டும், அதனால் அவர் எதையும் போடுவதே இல்லை. இந்த இரண்டு பேருக்கும் காதை மூடிக்கொண்டே கேட்க ஒரு வழி கொடுப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர். பேச்சு, காலடிச் சத்தம் போன்றவற்றை மைக் பிடித்து, கூட்டி, உள்ளே விடுகிறது. வெளியே சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் ஸ்பீக்கர் அதைத் திரும்பப் பெருக்காமல் நிறுத்திக்கொள்கிறது அல்லது அமுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து கிண்ணத்தைத் துளைத்து வரும் வெடிச்சத்தத்தை அது ஒன்றும் செய்வதில்லை.

அந்த வெடிச்சத்தம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல் உச்சம் என்பதை அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் எல்லையாக வைத்திருக்கின்றன. சின்ன .22 ரைஃபிளே அந்த எல்லையை ஒட்டி நிற்கும். 12 கேஜ் ஷாட்கன், மான் வேட்டைக்கு எடுத்துப்போகும் பெரிய ரைஃபிள்கள் எல்லாம் 150, 160 என்று போகும். குழல் முனையில் உதையைக் குறைக்கும் மசில் பிரேக் மாட்டியிருந்தால், உதை குறையும், ஆனால் வெடிவாயு பக்கவாட்டில், பின்பக்கமாகத் திரும்பி, சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் சத்தம் இன்னும் கூடும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. 140க்கும் 160க்கும் இடையே இருப்பது அந்த 100 மடங்குதான்.

"வருஷத்துக்கு ஒரு மான், ஒரே ஒரு வேட்டு, அதற்குப் போய் இதெல்லாமா?" என்று அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் நண்பர்கள் சொல்வதுண்டு. இந்த அளவு சத்தத்தில் ஒரே ஒரு வேட்டு நிரந்தரமாகக் காதைக் கெடுக்கப் போதும். உள்காதில் இருக்கும் முடி போன்ற உணர்செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான ஒலிகள், அதனால் ஆரம்பத்தில் நமக்கே தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று பிடிபடாது. வலதுதோளில் நீளத் துப்பாக்கியை வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் அதிகம் அடிவாங்கும், ஏனென்றால் குழல் முனையைப் பார்த்து நிற்பது அந்தக் காது, வலது காதுக்குத் தலையே மறைப்பாக நின்றுவிடுகிறது. டெக்சாஸில் செப்டம்பரில் புறா சீசன் தொடங்கும்போது ஒரு மாலையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா காலியாகும், அங்கே ஒரு வேட்டு என்ற கணக்கே கிடையாது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை என்பதால், ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இது ரைஃபிள் கிளப், ஷாட்கன் ரேஞ்ச் சம்பந்தப்பட்ட விஷயம். குறைத்து நினைக்க வேண்டாம். பறக்கவிடும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் டிராப் போட்டியில் தகுதிச் சுற்று மட்டும் 125 தட்டுகள், தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். அதற்கான பயிற்சியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, கடைக்குப் போவோம். பெட்டியில் என்ஆர்ஆர் என்று ஒரு எண் இருக்கும், அமெரிக்க முறையில் சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதற்கான அளவு அது. ஐரோப்பியப் பொருளில் எஸ்என்ஆர் என்று இருக்கும், அது ஒரே பொருளுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வரும், அதனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். இந்த எண் ஆய்வகத்தில் கவனமாக மாட்டிப் பார்த்து எடுத்தது. நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது என்பதால் இயர்மஃபுக்கு கால் பங்கும், உருட்டிச் செருகும் நுரை இயர்பிளக்குக்குப் பாதியும் கழித்துக்கொள்ளச் சொல்வது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தந்திருக்கும் கணக்கு. அதாவது 22 என்று போட்ட இயர்மஃப் உங்கள் தலையில் 16, 17தான்.

எலக்ட்ரானிக் மாடல்களில் இந்த எண் பெரும்பாலும் 20க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ரேஞ்சுகளில் அதிகம் கண்ணில் படும் ஹோவர்ட் லைட் இம்பேக்ட் ஸ்போர்ட்டில் 22, வாக்கர்ஸ் ரேசர் ஸ்லிம்மில் 23, பெல்டர் ஸ்போர்ட் டாக்டிகல் 500இல் 26. எண் பெரிதாக ஆகக் கிண்ணமும் தடிக்கும், தடித்தால் தோளில் ஊன்றும் ரைஃபிள் பட்டையில் கன்னம் வைக்கும்போது இடிக்கும், இடித்தால் மெத்தை தலையிலிருந்து விலகி, வேட்டு நடக்கும் அந்த நொடியில் சத்தம் உள்ளே புகுந்துவிடும். ஆகவே பிஸ்டல்காரர் பெரிய கிண்ணத்தைத் தாராளமாக வாங்கலாம், நீளத் துப்பாக்கிக்காரர் அடிப்பக்கம் ஒல்லியாகச் செதுக்கிய கிண்ணத்தைத் தேடவேண்டும். கடையில் வாங்கினால் மாட்டிக்கொண்டு, கன்னத்தைச் சாய்த்துக் குறிபார்ப்பது போல நின்று பாருங்கள்.

அடுத்து, இரண்டு பக்கமும் தனித்தனி மைக் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மைக்கிலிருந்து இரண்டு காதுக்கும் ஓடும் மலிவு மாடலில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது, வேட்டைக்கு அது உதவாது, ரேஞ்சிலும் யார் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும்.

நான் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்வது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். சில மாடல்கள் பெரிய சத்தம் வந்ததும் ஸ்பீக்கரை மொத்தமாக அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போடும். தனியாகச் சுட்டால் பரவாயில்லை. பத்துப் பேர் சுடும் வரிசையில் நின்றால் பேச்சு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, பயிற்சியாளர் சொல்வதில் பாதிதான் காதில் விழும், கடைசியில் எரிச்சலில் கழற்றிவிடுவீர்கள். நல்ல மாடல்கள் அணைக்காமல், பெரிய சத்தத்தை மட்டும் அமுக்கிப் பேச்சை விடாமல் தரும். மாட்டிக்கொண்டு ஒருவரைப் பேசச் சொல்லி, நீங்கள் பலமாகக் கைதட்டுங்கள். தட்டும்போது அவர் குரல் காணாமல் போகிறதா என்று கேட்டால் வித்தியாசம் புரிந்துவிடும். ப்ளூடூத், பாட்டு கேட்கும் வசதி எல்லாம் எனக்கு முக்கியமில்லை, சுடும் வரிசையில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

வாங்கியாயிற்று, இனி மாட்டுவது. பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். மூக்குக்கண்ணாடிக் காம்பு தடியாக இருந்தால் மெத்தையைத் தூக்கிப் பிடித்து ஒரு சந்து விடும், அந்தச் சந்து வழியாகச் சத்தம் போகும், வாய்க்கால் கரையில் எலிவளை மாதிரி சின்ன ஓட்டைதான் எல்லாவற்றையும் வீணாக்கும். மெல்லிய, தட்டையான காம்புள்ள பாதுகாப்புக் கண்ணாடியாகப் பாருங்கள், அல்லது ஜெல் மெத்தையாக மாற்றுங்கள், அது காம்பைச் சுற்றி நன்றாக அமுங்கிக் கொடுக்கும். தொப்பி விளிம்பு, கம்பளிக் குல்லா, முடிக்கற்றை, தொங்கும் காதணி எதுவும் மெத்தைக்கு அடியில் இருக்கக்கூடாது. மாட்டிய பிறகு வால்யூமை அணைத்துவிட்டு, இரைச்சல் உள்ள இடத்தில் நின்று, இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது இரைச்சல் சட்டென்று குறைந்தால், அழுத்தாதபோது கசிகிறது என்று பொருள், திரும்ப மாட்டுங்கள்.

உள்ளரங்க ரேஞ்ச், மசில் பிரேக் உள்ள ரைஃபிள், பெரிய பிஸ்டல் என்றால் இயர்மஃப் மட்டும் போதாது. சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். உள்ளே நுரை பிளக், மேலே எலக்ட்ரானிக் இயர்மஃப் என்று இரண்டையும் போடுங்கள். இரண்டு எண்களையும் கூட்டக்கூடாது, பெரியதோடு ஒரு 5 மட்டும் கூட்டிக்கொள்வதுதான் வழக்கமான கணக்கு, ஆனால் அந்த 5 இங்கே பெரிய உதவி. இதில் எலக்ட்ரானிக் மாடலுக்கு ஒரு தனி நன்மை உண்டு: பிளக் போட்டதால் குறைந்த பேச்சை, இயர்மஃப் வால்யூமைக் கூட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். இரட்டைப் பாதுகாப்பும் இருக்கும், கட்டளையும் கேட்கும்.

நுரை பிளக்கைச் சும்மா வாசலில் ஒட்டவைப்பதில் பயனில்லை. விரலால் மெல்லிசாக, சுருக்கமில்லாமல் உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் துளை நேராகும், அப்போது உள்ளே விட்டு, அது விரிந்து முடியும்வரை ஒரு அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும், நேராக எதிரே நின்று பார்ப்பவருக்குப் பிளக் பெரிதாக வெளியே தெரியாது.

வேட்டையில் வால்யூம் விஷயம் வேறு. முழுதாகக் கூட்டினால் உங்கள் ஜாக்கெட் உரசுவதே புயல் மாதிரி வரும், காற்று மைக்கில் அடித்து இரையும், காது சீக்கிரம் சலித்துப்போகும். காது திறந்திருந்தால் எப்படிக் கேட்குமோ அந்த அளவுக்கு அல்லது அதற்கு ஒரு படி மேலே வையுங்கள். மைக்குக்கு நுரை மூடி இருக்கும் மாடல் காற்றில் எவ்வளவோ மேல். முதல் முறை மாட்டிக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போகாமல், வீட்டுப் பின்புறத்தில் கொஞ்ச நேரம் நடந்து, எந்தச் சத்தம் எந்தத் திசையில் எப்படிக் கேட்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காதுமடலை மூடிவிட்டதால் முன்னா பின்னா என்ற குழப்பம் வரும். வெயிலில் இயர்மஃப் வேர்த்துக் கொட்டும் என்பவர்களுக்குக் காதுக்குள் செருகும் எலக்ட்ரானிக் பிளக் நல்லது, பட்டையிலும் இடிக்காது. விலை கூட, தொலைந்துபோகும், அளவு சரியான முனையைப் பொறுமையாகத் தேடவேண்டும்.

பாட்டு கேட்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட் போட்டுக்கொண்டு சுடலாமா என்றால், கூடாது. விமான இரைச்சல் போன்ற தொடர்ச்சியான சத்தத்துக்காகச் செய்த வசதி அது, அது வினைபுரியும் முன்பே வேட்டுச் சத்தம் காதைத் தொட்டுவிடும். துப்பாக்கிக்கான பாதுகாப்பு அளவீடு அதற்குக் கிடையாது.

போட்டிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி, ஒலியை வாங்கித் தரும் கருவி எதுவும் உள்ள காதுப் பாதுகாப்பை வீரர்கள் போட்டியில் அணிய அனுமதியில்லை. அதே விதிகளில் நடக்கும் உள்ளூர்ப் போட்டியிலும் இதே நிலைதான். ஆகவே பயிற்சிக்கு எலக்ட்ரானிக், போட்டிக்குச் சாதாரண இயர்மஃப் அல்லது பிளக் என்று இரண்டு வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய வாரங்களில் சாதாரணத்தோடு பழகுங்கள், திடீரென்று வரும் அமைதி சிலருக்குக் குறியையே கலைத்துவிடும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மெத்தை கெட்டியானால், வெடிப்பு விட்டால் உடனே மாற்றுங்கள், அடிக்கடி சுடுபவருக்கு வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவது சரியாக இருக்கும். ஈரத்துணியால் வியர்வையைத் துடையுங்கள், மைக் மேல் தண்ணீர் விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைக்கவோ, தலைப்பட்டையை விரித்து எதன் மேலாவது மாட்டிவைக்கவோ வேண்டாம், பிடிமானம் தளர்ந்துவிடும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் தொடர்பு முனைகளைத் தின்றுவிடும். பையில் உங்கள் மாடலுக்கு ஏற்ற ஒரு ஜோடி பேட்டரியும் சில நுரை பிளக்குகளும் எப்போதும் கிடக்கட்டும். பிளக்குகள் உங்களுக்கு மட்டுமில்லை, வேடிக்கை பார்க்க வந்து காதைப் பொத்திக்கொண்டு நிற்பவருக்கும் சேர்த்து. குழந்தைகளை அழைத்துவந்தால் அவர்கள் தலைக்கு அளவான சின்ன இயர்மஃப் வாங்குங்கள், பெரியவர்களுடையது கழுத்தருகே சந்து விடும்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் சுட்ட பிறகு காதில் "ங்ங்" என்று கூவினால், அல்லது பஞ்சு அடைத்தது போல இருந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால், அல்லது ஒரு காது திடீரென மந்தமானால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள், சில சிகிச்சைகள் ஆரம்ப நாட்களில்தான் பலன் தரும். துப்பாக்கி சுடுவதை அவரிடம் மறக்காமல் சொல்லி, 3000, 4000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்து ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த வருடம் எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.