பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடப் பழக்கங்கள்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் பிள்ளை தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்ததும் காலையில் கத்தல், சாப்பாட்டில் அடம், வீட்டுப்பாடத்தில் அழுகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றையும் தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு கண்டிப்பதுதான் முதல் தவறு. பல வீடுகளில் இவற்றின் வேர் தூக்கக் குறைவு.

தூங்கும் நேரத்தை எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பள்ளி 7.30க்குத் தொடங்கி, பள்ளிப் பேருந்து 6.30க்கு அடுக்குமாடி புளோக்கின் கீழே வருமானால், பிள்ளை 5.45க்கு எழ வேண்டும். தொடக்கப்பள்ளி வயதுக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே 8.45க்குக் கண் மூடியிருக்க வேண்டும், 8.15க்கே படுக்கையில் இருக்க வேண்டும். அப்பா அம்மா 7.30க்கு வீடு திரும்பி, எல்லாரும் 8.30க்குச் சாப்பிட்டு, பிறகு எழுத்துக்கூட்டல் பார்த்துப் பை அடுக்கினால் பத்து மணியாகிவிடும். அன்றாடம் ஒன்றேகால் மணி நேரம் குறைகிறது. வார நாள் முழுக்கச் சேரும் இந்தக் குறையைச் சனிக்கிழமை பத்து மணிவரை தூங்கவைத்து ஈடுகட்டப் பார்ப்பது அடுத்த தவறு. ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் காலை இன்னும் மோசமாகும். விடுமுறை நாளிலும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ள வேண்டாம்.

பிள்ளைக்கு மட்டும் 6.30க்கே இரவு உணவு கொடுக்க முடிந்தால் பாதிச் சிக்கல் தீரும். தாத்தா பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ கொடுக்கலாம். சேர்ந்து சாப்பிட முடியவில்லையே என்று மனம் வருந்தும், உண்மைதான். நீங்கள் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பப்பாளியைப் பகிர்ந்துகொண்டாலும் அந்த நெருக்கம் கிடைக்கும். இப்போது பத்து மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஒரே நாளில் எட்டேகாலுக்குப் படுக்கவைத்தால் விழித்துக்கொண்டு புரளும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள்.

இந்த இடத்தில் கைப்பேசி குறுக்கே வரும். திரை பார்க்கும் நேரம் 18 மாதத்துக்குமேல் 6 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், 7 முதல் 12 வயதுவரை பள்ளிவேலை தவிர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டல். மணிக்கணக்கைக் கவனிக்கும் பெற்றோர்கூட எப்போது பார்க்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். சாப்பிடும்போதும் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் திரை வேண்டாம். காணொளி பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. ஊட்டுகிறவருக்கு வேலை எளிதாக இருக்கும், ஆனால் அடுத்த மாதம் கைப்பேசி இல்லாமல் வாய் திறக்காது.

“வெயில் அதிகம், உள்ளேயே விளையாடு” என்பதும் பழகிப்போன தவறு. கிட்டப்பார்வை சீக்கிரம் தொடங்காதிருக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சம் தேவை. நடைபாதையும் விளையாட்டுத் திடலும் இதில் சேரும், மின்விளக்கு வெளிச்சம் சேராது. இங்கே ஏழு மணியளவில் இருட்டிவிடுவதால், துணைப்பாட வகுப்பை ஐந்திலிருந்து ஏழுவரை வைத்தால் அன்றைய வாய்ப்பு போய்விடும். ஐந்தரைக்குக் கீழே அனுப்பிவிட்டு, வகுப்பை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

பான விஷயத்தில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள்; சர்க்கரையையும் நிறைகொழுப்பையும் வைத்துப் பானத்துக்கு ஏ முதல் டி வரை தரப்படும் தரக்குறி அது, டி கடைசித் தரம். டி தரம் என்றால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கும். 250 மில்லிலிட்டர் பொட்டலத்தில் அது 25 கிராமைத் தாண்டும், அதாவது ஐந்து தேக்கரண்டிக்குமேல். பரிசாக இனிப்புப் பானம் வாங்கித் தந்து பழக்கினால், தண்ணீர் தண்டனைபோல் ஆகிவிடும்.

பையை நீங்களே அடுக்காதீர்கள். மறுநாள் கால அட்டவணையைப் பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும், புத்தகத்தை அதுவே எடுத்து வைக்கட்டும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நில்லுங்கள், பிறகு வெறுமனே கேளுங்கள். ஒரு நாள் ஏதாவது மறந்துபோனால் பள்ளிக்கு ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒரு சட்டம், பாட்டி வீட்டில் வேறு சட்டம் என்றால் எதுவும் நிலைக்காது. பெரியவர்களோடு வாதம் செய்வதைவிட, படுக்கும் நேரம், திரை நேரம், பானம் ஆகிய மூன்றை மட்டும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பாட்டியின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.