அறிக்கையில் அதிகம், உடலில் குறைவு

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் குறைபாட்டுக்காகத் தினமும் தோளில் அந்த ஹார்மோன் கலந்த ஜெல் தடவுகிறேன். திடீரென ரத்த அறிக்கையில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 1,500 நானோகிராமைத் தாண்டியது; மிக அதிகம். ஆனால் பிற்பகலில் அசதி, டெட்லிஃப்டில் (தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி) தூக்கும் எடை அதிகரிக்க மறுத்தது. மருத்துவர் மருந்தைக் குறைத்தார், அசதி இன்னும் கூடியது. ஆய்வகத்தை மாற்றியும் அதே கதை. தைராய்டும் வைட்டமின் டியும் சரியாகவே இருந்தன.

ரத்தம் எடுக்க வந்த செவிலியர்தான் கேட்டார்: "எந்தக் கையில் தடவுகிறீர்கள் சார்?" ஜெல் முழங்கை மடிப்புவரை இறங்கியிருந்தால், ஊசி குத்தும்போது தோலில் உள்ள மருந்தும் ரத்த மாதிரியில் கலந்துவிடும். பஞ்சால் துடைத்தால் மட்டும் போகாது. சில நாட்கள் வலது தோளில் மட்டும் தடவி, இடது கையில் ரத்தம் கொடுத்தேன்: 240, உண்மையில் குறைவுதான். அப்பாடா! மருந்து பழைய அளவுக்குத் திரும்பியது; சில வாரங்களில் டெட்லிஃப்டும் நகர்ந்தது.