ஊசி போட மாட்டைப் பிடித்துக் கட்டுவது எப்படி?

கோமாரித் (வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குத்துவது ஒரு நொடி வேலை; ஆளுக்கு அடிபடுவதெல்லாம் அதற்கு முன்னால், பிடித்துக் கட்டும்போதுதான். வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் முதன்முதலாக மாடு வாங்கியவர்களுக்காக இது.

கயிறு: கட்டைவிரல் தடிமனில் பருத்திக் கயிறு, பத்து அடி. நைலான் மலிவுதான், ஆனால் மாடு இழுத்த வேகத்தில் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

1. குரல் கொடுத்தபடியே முன்தோள் பக்கமாகப் போங்கள். நேர் பின்னால் நிற்பவர் மாட்டின் கண்ணுக்குத் தெரியமாட்டார். மாடு பின்னங்காலை முன்னுக்கு வளைத்துப் பக்கவாட்டிலும் உதைக்கும். அதனால் விலாப் பக்கமும் ஆபத்துதான். தோளை ஒட்டி நில்லுங்கள்.

2. தலைக்கயிற்றைத்தான் தூணில் கட்ட வேண்டும். மூக்கணாங்கயிறு கையில் பிடிக்க மட்டும். அதைத் தூணில் கட்டி மாடு மிரண்டால் மூக்கு கிழியும்.

3. முடிச்சு. பலரும் தடுமாறுவது இங்கேதான். மாடு விழுந்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.
நுனியைத் தூணைச் சுற்றி உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். நுனிப்பக்கக் கயிற்றில் ஒரு வளையம் போட்டு, மாட்டுக்குப் போகும் கயிற்றின் மேல் வையுங்கள். மிச்ச நுனியை அந்தக் கயிற்றின் அடியாகக் கொண்டுபோய், மடித்து, மடிப்பை மட்டும் வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். நுனி முழுக்க உள்ளே போனால் அது சாதா முடிச்சு, அவசரத்துக்கு அவிழாது. தூணுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு மேல் தளர்வு வேண்டாம். விரலை வளையத்துக்குள் விட்டுக்கொண்டு இறுக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

4. ஊசி போடுபவர் நிற்கும் பக்கமே நீங்களும் நின்று, தலையை உங்கள் பக்கம் திருப்புங்கள். பின்பாகம் எதிர்ப்பக்கம் விலகும்.

வாடிவாசல் பழகிய புலிக்குளம் காளை என்றால் வளர்ப்பவர்தான் பிடிக்க வேண்டும். புது ஆள் தொட்டாலே கொம்பைத் திருப்பும்.

பிற்சேர்க்கை: வழவழப்பான கல்தூணில் முடிச்சு கீழே வழுகுகிறது, மாடு கயிற்றைத் தாண்டிக் காலை வைக்கிறது என்று சிலர் சொன்னார்கள். தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு முடிச்சைப் போடுங்கள். கவட்டை உள்ள வேப்பமரம் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்குப் போடும் கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்) தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி உங்கள் கையில் குத்தினால் நோய் உங்களுக்கும் வரலாம். கையுறை, கண்ணாடி இல்லாமல் கன்றைப் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே டாக்டரிடம் ஊசியின் பெயரைச் சொல்லுங்கள்.

மாடு எச்சில் ஒழுக்கி, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் கத்தினால் கட்டவும் வேண்டாம், வாய்க்குள் கை விடவும் வேண்டாம். வெறிநோயாக இருக்கலாம். விலகி நின்று, கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள்.