ஒரக்கிள் படிக்கத் தொடங்கிறாக்களுக்கு: முதல்ல எந்த வீட்டுக்க நிக்கிறியள் எண்டு பாருங்கோ

கம்பஸில மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸைப் பழகிப்போட்டு ஒரக்கிள் எண்ட மற்ற டேட்டாபேஸுக்கு வாற பிள்ளையள் முதல் கிழமையே கைவிடுறதைக் கனதரம் பாத்திட்டன், அதுதான் இதை எழுதுறன். டேட்டாபேஸோட பேசுற மொழியான எஸ்கியூஎல் அவைக்குத் தெரியும், இடம்தான் விளங்கேல்லை.

காசு ஒண்டும் தேவையில்லை, ஒரக்கிளின்ர 21சி எக்ஸ்பிரஸ் எடிஷனை இறக்குங்கோ. 2 ஜிபி ராம், 12 ஜிபி டேட்டா வரைக்கும்தான் எடுக்கும், படிக்க அது தாராளமாக் காணும். இன்ஸ்டோல் பண்ணேக்க கேக்கிற பாஸ்வேர்டைக் கொப்பியில எழுதி வையுங்கோ.

இனி வடிவாக் கவனியுங்கோ. 2013இல வந்த 12சி பதிப்பில இருந்து ஒரக்கிள் எங்கட ஊர் வளவு மாதிரி. பெரிய வளவு ஒண்டு, அதுக்க தனித்தனி வீடுகள், எல்லாருக்கும் பொதுவா ஒரு கிணறு. வளவுதான் சிடிபி (கொன்டெய்னர் டேட்டாபேஸ்), வீடு பிடிபி (அதுக்க இருக்கிற பிளக்கபிள் டேட்டாபேஸ்), மெமரியும் பின்னுக்கு ஓடுற புரோசஸுகளும் கிணறு. எக்ஸ்பிரஸ் எடிஷனில உங்களுக்கெண்டு கட்டித் தந்திருக்கிற வீட்டின்ர பேர் எக்ஸ்இபிடிபி1.

சிஸ்டம் எண்ட யூசரா லொகின் பண்ணி நேர கிரியேட் யூசர் அடிச்சால் ஓஆர்ஏ-65096 எண்டு பிழை வரும், ஏனெண்டால் நீங்கள் இன்னும் வளவு முத்தத்திலதான், அதாவது சிடிபியிலதான் நிக்கிறியள். ஆல்டர் செஷன் செட் கொன்டெய்னர் = எக்ஸ்இபிடிபி1 எண்டு குடுத்து வீட்டுக்க போங்கோ, பேந்து யூசரை உருவாக்குங்கோ. சந்தேகம் வந்தால் ஷோ கொன்_நேம் அடிச்சால் எங்க நிக்கிறியள் எண்டு அதுவே சொல்லும்.

நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ரூமில இருந்து படிக்கேக்க ஒரு இரவு முழுக்க ஓஆர்ஏ-01017, பாஸ்வேர்ட் பிழையாம். திருப்பித் திருப்பி அடிச்சன், யூசரை அழிச்சுத் திருப்பி உருவாக்கினன், விடிய நாலு மணிக்குத்தான் கண்டன், எஸ்கியூஎல் டெவலப்பர் எண்ட புரோகிராமில எஸ்ஐடி (டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின்ர பேர்) எண்ட இடத்தில எக்ஸ்இ எண்டு அதுவாவே கிடக்கு. அது முத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும், என்ர யூசரோ வீட்டுக்க. சேவிஸ் நேமைத் தெரிவு செய்து எக்ஸ்இபிடிபி1 எண்டு குடுத்தன், அதே பாஸ்வேர்டோட உடன திறந்திச்சு. போர்ட் 1521, அதை மாத்தாதேங்கோ.

அடுத்தது ஓஆர்ஏ-01950. யூசருக்குக் கனெக்ட், ரிசோர்ஸ் எண்ட ரெண்டு உரிமையும் குடுத்தாச்சு, டேபிளும் உருவாகிட்டுது, முதல் வரி இன்சேர்ட் பண்ண விடாது. யூசர்ஸ் எண்ட டேபிள்ஸ்பேஸில (டேட்டா கிடக்கிற இடம்) கோட்டா, அதாவது பாவிக்கக்கூடிய இட அளவு, குடுக்கேல்லை, அவ்வளவுதான். ஆல்டர் யூசரில கோட்டா அன்லிமிட்டட் ஒன் யூசர்ஸ் எண்டு சேருங்கோ.

கடைசியா கொமிட், அதாவது செய்த மாற்றத்தை நிரந்தரமாச் சேமிக்கிறது, இதை வாசிச்சு மட்டும் விடாமல் செய்தே பாக்கோணும். மைஎஸ்கியூஎல் தானாவே கொமிட் பண்ணும், ஒரக்கிள் பண்ணாது. நான் நாப்பது வரி இன்சேர்ட் பண்ணி முடிய கரண்ட் போச்சு, லப்டொப்பில பற்றரியும் இல்லை, திரும்ப வந்து பாத்தால் ஒரு வரியும் இல்லை. நீங்கள் எஸ்கியூஎல் பிளஸ்ஸில (கட்டளை அடிக்கிற புரோகிராம்) ரெண்டு விண்டோ திறந்து ஒரே யூசரால லொகின் பண்ணுங்கோ, ஒண்டில வெறும் டேபிளுக்க இன்சேர்ட் பண்ணிப்போட்டு மற்றதில எத்தினை வரி எண்டு எண்ணிப் பாருங்கோ, பூச்சியம் எண்டு காட்டும். முதல் விண்டோவில கொமிட் அடிச்சுப்போட்டு ரெண்டாவதில திருப்பி எண்ணுங்கோ.