'முடை' என்ற சொல்லை எங்கே வைப்பது

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. சிறுகதை ஒன்றில் "அண்ணனுக்கு இந்த மாதம் பணமுடை" என்று இருந்த வரி, தட்டச்சில் "பணமூட்டை" என்று வந்தது. திருத்தியபோது, தட்டச்சு செய்த தம்பி, "அப்படி ஒரு சொல் இருக்காக்கா?" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முடை என்றால் தட்டுப்பாடு, பெரும்பாலும் பணத்துக்கு. வரவேண்டிய சம்பளம் வரவில்லை, பாக்கி இழுத்துக்கொண்டே போகிறது, அதற்குள் செலவு வந்து வாசலில் நிற்கிறது. அந்த இடைப்பட்ட நாட்களுக்குப் பெயர்தான் முடை. வரவுக்கே வழியில்லாதவரைப் பற்றி எழுதும்போது இதைப் போடாதீர்கள், அது வறுமை. திருக்குறளின் 105ஆம் அதிகாரம் அதைத்தான் நல்குரவு என்கிறது. தொழிலே போய்விட்டால் 'நொடித்துப்போனார்'. கணக்கில் வரவு போதாவிட்டால் 'துண்டு விழுகிறது'. நினைத்ததைவிடச் செலவு கூடிவிட்டால் 'கையைக் கடிக்கிறது'.

இந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. என் அப்பா கடிதத்தில் 'கஷ்டம்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. "சற்று முடை. தோதுப்பட்டால் அனுப்பு" என்பார். கேட்பவரும் தாழவில்லை, கொடுப்பவருக்கும் பாரமில்லை. கைமாற்று கேட்கும்போதும், தவணை தள்ளிக் கேட்கும்போதும் இதைச் சொல்லிப் பாருங்கள்: "இப்பக் கொஞ்சம் முடையா இருக்கு, பத்து நாள்ல தந்துடறேன்." நாள் குறிப்பிடுவது முக்கியம். திரும்பி வரும் என்ற உறுதி சொல்லிலேயே இருக்கிறது. நாளைச் சொல்லாவிட்டால் அது பாதியாகிவிடும்.

வாக்கியத்தில் 'எனக்குப் பணமுடை' என்று கு உருபோடு வரும். முடை வரும், முடை தீரும். 'முடைக்கு உதவினார்' என்றும் எழுதலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓலை முடைவதும் முடைதான், முடைநாற்றத்திலும் அதே எழுத்துகள்தான். அதனால் முதல் முறை 'பணமுடை' என்று சேர்த்தே எழுதிவிட்டு, பிறகு 'முடை' என்று சுருக்குங்கள். இடையில் ஒற்று வராது; 'பணத்தட்டுப்பாடு' என்றால்தான் 'த்' வேண்டும். பேச்சில் 'மொடை' என்று ஒலிக்கும். கதையில் பாத்திரம் அப்படிப் பேசினால் நான் திருத்துவதில்லை.