மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஒருவருடைய ஆய்வுக் கட்டுரைப் பட்டியலைக் கையில் கொடுத்து, "இவர் ஆய்வு எப்படி?" என்று கேட்பார்கள். ஆய்வு நூலகத்தில் எனக்கு அதுதான் வேலை. வேதி உயிரியல்காரர் என்றால் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். வேதியியல், உயிரியல், மருந்து என்று மூன்று பக்கமும் சிதறிக் கிடக்கும் பட்டியல் அது.

முதலில், பட்டியல் முழுக்க அவருடையதுதானா என்று பாருங்கள். நான் தயாரித்த முதல் கோப்பில், அதே பெயரும் இனிஷியலும் கொண்ட மண்ணியல் ஆய்வாளரின் கட்டுரைகள் பதினொன்று கலந்துவிட்டன. சரிபார்க்காமல் விட்டது என் தவறு. நேர்காணலில் பட்டியலுக்கு உரியவரிடம் ஒரு கட்டுரையைப் பற்றிக் கேட்க, அவர் விழித்தபோதுதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாக உள்ள 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறேன்.

அடுத்து எச்-இன்டெக்ஸ். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. ஒரு கட்டுரையை வேறொரு கட்டுரை குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். 20 கட்டுரைகளுக்குத் தலா 20 மேற்கோளாவது இருந்தால் எச் 20. இந்த எண் ஏறுமே தவிர இறங்காது; அதனால் இளையவரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிடாதீர்கள். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம் ஆய்வேடுகளையும், இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணுவதால், ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். எண்ணை எங்கே, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

சரி, இனிதான் உண்மையான வேலை. கட்டுரைகளை மூன்றாகப் பிரியுங்கள்: ரிவ்யூ (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது), கருவி அல்லது செய்முறை, சொந்தக் கண்டுபிடிப்பு. ரிவ்யூவுக்கு மேற்கோள் எளிதாகச் சேரும். அதைத் தனியே வையுங்கள். செய்முறைக் கட்டுரைக்கும் அப்படித்தான் குவியும். புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரி குழுவினர் 1951-இல் எழுதிய கட்டுரை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அதற்காகக் கருவி செய்தவரைக் குறைத்து எடைபோட்டுவிடாதீர்கள். இந்தத் துறை நிற்பதே கருவிகளின் மேல்தான். இரண்டு மூலக்கூறுகளைக் கொக்கி மாட்டுவதுபோல் சட்டென்று இணைப்பது கிளிக் வினை; அதற்கு வழக்கமாகச் செம்பு வேண்டும். செம்பு உயிருள்ள செல்லுக்கு நஞ்சு என்பதால், செம்பு இல்லாமலே நடக்கும் கிளிக் வினையை 2004-இல் வேதியியலாளர் கரோலின் பெர்டோசியின் குழு வெளியிட்டது. 2022 நொபெல் பரிசு வரை அவரைக் கொண்டுபோன பாதையில் அதுவும் ஒரு படி.

பிறகு, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையை எடுத்து, அதைக் குறிப்பிட்டவற்றில் ஒரு பத்தைத் திறந்து படியுங்கள். இதை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. நம்மவரின் கட்டுரை அங்கே எத்தனையாவது எண் என்று பார்த்து, அந்த எண் எந்த வாக்கியத்தின் முடிவில் வருகிறது என்று தேடுங்கள். முன்னுரையில் "12–19" என்று எட்டில் ஒன்றாக நின்றால் அது மரியாதைக்குப் போட்டது. செய்முறைப் பகுதியில் "இந்த மூலக்கூறை 5 மைக்ரோமோலார் அளவில் செல்களில் சேர்த்தோம்" என்ற வரியில் தனியாக நின்றால், யாரோ அந்தப் பொருளைக் கையில் எடுத்து வேலை செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மேற்கோள் ஒன்று, முன்னதைப் போன்ற இருபதுக்குச் சமம் என்பது என் கணிப்பு. எழுதியவர்கள் அவருடைய பழைய மாணவர்களா, முன்பின் அறியாத ஆய்வகமா என்பதையும் கவனியுங்கள்.

மறுத்து எழுதியதும் மேற்கோளாகத்தான் எண்ணப்படும். எந்தச் சோதனையில் போட்டாலும் பலன் தருவதுபோல் ஏமாற்றும் சேர்மங்களை 2010-இல் பேல், ஹாலோவே இருவரும் பெயின்ஸ் என்று பெயரிட்டுத் தொகுத்தார்கள். அந்த வகைச் சேர்மத்தை, ஒரு புரதத்தின் வேலையை நிறுத்தும் தடுப்பான் என்று அறிவித்த கட்டுரைக்கு நிறைய மேற்கோள் இருந்தால், அதில் எத்தனை "அந்தப் பலன் எங்களுக்கு வரவில்லை" என்று சொல்கின்றன என்று எண்ணுங்கள்.

ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. முதல் பெயர், சோதனையைக் கையால் செய்தவருடையது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா, காப்புரிமை உண்டா என்று ஒரு பார்வை போதும்.

இத்தனைக்கும் பிறகு நான் தரும் கோப்பு ஒன்றரைப் பக்கம். எச்-இன்டெக்ஸ் அதில் ஒரு வரி. அவருடைய மூலக்கூறை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் மீதி.