முருகைத் தொட்டிக்குள் உலோகம் புகாமல் பார்ப்பது எப்படி?

வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு கறளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், ஃபேன் மூடி என்று எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. காற்றே இந்தப் பாடு படுத்துமென்றால், லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீருக்குள் கிடக்கும் உலோகம் என்ன ஆகும்? மெல்ல மெல்லக் கரையும்.

வீட்டில் முருகையும் மீனும் வளர்த்த என் முதல் கடல்நீர்த் தொட்டியில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் மல்லாந்து கிடந்தன. மென்முருகைகள் சுருங்கிவிட்டன. மீன்கள் மட்டும் வழக்கம்போல் தீனிக்கு ஓடி வந்தன. மூன்றாம் நாள், தொட்டிக்கு அடியில் ஃபில்டரும் பம்பும் இருக்கும் கீழ்த்தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவியபோது, ஹோஸ் பைப்பைப் பொருத்தியிருந்த ஒரு சிறிய பித்தளை மூட்டு அகப்பட்டது. தேய்த்துப் பார்த்தேன். நீலப்பச்சைக் களிம்பு நகத்துக்குள் ஏறியது. ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று அம்மம்மா சொல்வார். அதே களிம்புதான் இது, பித்தளையிலுள்ள செம்பிலிருந்து வருவது.

இறாலின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதே செம்பை வைத்துத்தான். ஆனாலும் அதற்குத் தேவையான அளவு மிகமிகக் கொஞ்சம். கூடினால் அதுவே நஞ்சு. மீன் தாங்கும் அளவை இறால், நத்தை, முருகை தாங்காது. மீன் நன்றாக இருக்கிறது, நத்தை சாகிறது என்றால் முதலில் செம்பைச் சந்தேகியுங்கள்.

படி 1: தொட்டியைத் துழாவுங்கள்

எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஹோஸ் கிளிப், திருகாணி, வால்வு, பைப் மூட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், செம்பும் பித்தளையும் அதில் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதும் கடல்நீரில் நாளடைவில் கறள் பிடிக்கும். அவற்றின் இடத்தில் பிளாஸ்டிக் போடுங்கள். புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் பிவிசி மூட்டுகள் சுலபமாகக் கிடைக்கும்.

கண்ணாடி துடைக்கும் காந்தத்தையும் அலை பம்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உறையில் மயிரிழை வெடிப்போ பழுப்புக் கசிவோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள். பசை பூசி ஒப்பேற்ற வேண்டாம். அப்புறம் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். தொட்டிக்கு மேல் தொங்கும் விளக்குச் சட்டத்திலும் ஃபேன் கூட்டிலும் இருக்கும் கறள் நேரே தண்ணீருக்குள்தான் உதிரும்.

கொழும்பு வெக்கைக்குத் தொட்டியைக் குளிர்விக்க, பழைய பிரிட்ஜின் செம்புச் சுருளைத் தண்ணீருக்குள் இறக்குவோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடல்நீருக்கு டைட்டானியம் சுருள் உள்ள சில்லரே (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) சரி.

படி 2: ஊற்றும் தண்ணீர்

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்; உலோகம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு கணக்குப் போடுவோம். 100 லீற்றர் தொட்டி, மேலே ஃபேன், நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது. அந்தக் குறையைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புகிறீர்கள், அதில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 60 லீற்றர், அதாவது 3 மில்லிகிராம் செம்பு உள்ளே போயிருக்கும். தொட்டித் தண்ணீரில் லீற்றருக்கு 0.03 மில்லிகிராம். அடுத்த மாதம் அதற்கு மேல் இன்னொரு 0.03. ஒரு பகுதி கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் தொட்டியை விட்டுப் போகாது.

ஆகவே உப்புக் கலக்கவும் குறை நிரப்பவும் ஆர்.ஓ. தண்ணீர்தான், அதாவது நுண்சவ்வு வழியே வடித்த தண்ணீர். அதற்குப் பின்னால், மிச்சமுள்ள உப்புகளையும் உலோகங்களையும் பிடிக்கும் டீ-அயனைசேஷன் பிசினும் இருந்தால் இன்னும் நல்லது. பிசினைத் தாண்டி வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீற்றர் (கரைந்திருக்கும் பொருள்களை அளப்பது) 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றுங்கள். ஆர்.ஓ. ஃபில்டருக்குத் தண்ணீர் எடுக்குமுன் இரவு முழுக்கப் பைப்பில் நின்ற தண்ணீரைச் சில நிமிடம் திறந்து வெளியேற்றுங்கள். கடையில் விற்கும் நீர்ச் சீராக்கி உலோகத்தைக் கட்டிவைக்குமே தவிர, தொட்டியிலிருந்து அகற்றாது.

கடலே பக்கத்தில் இருக்கிறதே, ஒரு வாளி அள்ளினால் என்ன என்று தோன்றும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நகரத்துக் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. அந்தத் தண்ணீர் வேண்டாம்.

படி 3: மருந்தும் பழைய கல்லும்

வெண்புள்ளி நோய்க்கான மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. நோயுள்ள மீனை வெறும் தனித்தொட்டிக்கு மாற்றியே மருந்து போடுங்கள். பழைய தொட்டியோ அதன் கல்லோ வாங்கும்போது, அதில் செம்பு மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். சுண்ணாம்புக் கல் செம்பைப் பிடித்துவைத்துப் பின்னர் மெல்ல விடும்.

படி 4: ஏற்கெனவே புகுந்துவிட்டால்

முதலில் உலோகத்தை எடுங்கள். இறால், நத்தை, முருகையை அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள புதுத் தண்ணீருக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல்லைப் போடுங்கள். தொட்டியில் 20 வீதத் தண்ணீரை ஐந்து முறை மாற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு உலோகம் மிஞ்சும். அதனால் மீன்தொட்டிக்கென விற்கும் கரித்தூளோடு (அக்டிவேட்டட் கார்பன்), உலோகத்தை உறிஞ்சும் பொலிஃபில்டர் அட்டையையும் போடுங்கள். செம்பைப் பிடித்தால் அட்டை நீலமாகும். வீட்டுச் சோதனைக் கிட் சைபர் காட்டினாலும், நுண்ணிய அளவுகளை அது பிடிப்பதில்லை. நீலமான அட்டையை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். புது அட்டை நிறம் மாறாமல் நின்ற பிறகே நத்தைகளைத் திரும்ப விடுங்கள்.